ஒழுங்கையில் இல்லாத குழாய்

வெள்ளவத்தை
06.03.2025, வியாழன்

அன்புள்ள மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறா, நானும் பின்னால் நின்று கேட்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம். நான் எழுதினால் சுற்றிச் சுற்றிப் போவேன் என்று நீ ஒருமுறை சொன்னதால், எழுதப்போவதை முதலே இலக்கமிட்டு வைக்கிறேன்.

1. எங்கள் உடல்நிலை.
2. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்கு நான் வரைந்த தண்ணீர்க் குழாய் அங்கே இல்லை என்பது.
3. அதனால் அறுபத்திரண்டு வீடுகளுக்கு வரப்போகும் கஷ்டம்.
4. அந்த ஒழுங்கையில் நான் கேட்ட சத்தம்.
5. நீ அனுப்ப வேண்டிய பிரதி.

முதலாவதை விரைவாக முடிக்கிறேன். அம்மாவின் முழங்கால் படியேறும்போது மட்டும் நோகிறது, லிப்ட் பழுதாகி இன்றைக்கு ஒன்பது நாள். எனக்குப் பிறஷர் குளிசையை டொக்டர் அரைவாசி கூட்டியிருக்கிறார். அதற்குக் காரணம் இரண்டாவது விஷயம்தான் என்பது அம்மாவின் கட்சி. “செத்த பைப்புக்குத் திவசம் செய்யப் போறியளோ” என்று கேட்கிறா. போனில் இதை உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தபோது ஒரு தண்ணீர்த் திட்டம் எப்படி உருவாகும் என்று வீட்டில் சொன்னதில்லை. இருபது வருடம் கழித்து நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், ஆளுக்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள், அதாவது இன்னும் பிறக்காதவர்களுக்காகக் குழாயின் விட்டம் தீர்மானிக்கப்படும். பிறகு ஆய்வறிக்கை, கடன் தரும் வெளிநாட்டு வங்கியின் ஆட்கள் வந்து பார்ப்பது, ஒப்பந்தம், ரெண்டருக்கான கேள்விப்பத்திரம், ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே கிடங்கு வெட்டும் ஆட்கள். கடனுக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. அதற்குள் குழாயை மண்ணுக்குள் தாட்டு, தாட்டபடியே அளந்து வரைந்த முடிவு வரைபடம் போய்ச் சேராவிட்டால் மிச்சப் பணம் வராது. கிடங்கை மூடுவதற்கு முன் நாடா பிடித்து அளந்து வரைய வேண்டிய படம் அது. 1989இல் கொழும்பு ஊரடங்கும் கடையடைப்புமாக இருந்தது, அந்த ஒழுங்கைக்குக் கிடங்கு வெட்ட ஒருவரும் வரவில்லை, முடிவுத் திகதிக்கு நாலு நாள் இருந்தது. எங்கள் பிரிவின் பெரியவர் என் மேசைக்கு வந்து, “சவுந்தரம், நீர் இப்ப கீறி வையும், கலவரம் அடங்க ஆக்கள் போய்த் தாட்பினம்” என்றார். நான் கீறினேன். முந்நூற்று நாற்பது மீற்றர், ஆறு அங்குல விட்டம், ஆழம், மதிலிலிருந்து தூரம், எல்லாம் என் மேசையிலிருந்தே போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். பிறகு ஆட்கள் போகவில்லை. மூன்று வருடம் நானே போய்ப் பார்த்தேன், தாரில் ஒரு வெட்டுத் தழும்புகூட இருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய் ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் அதில் வந்தது, ஒருவரும் முறையிடவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்குத் துணிவு எப்போதும் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

இனி மூன்றாவது. அம்மாவுக்குச் சட்டை தைக்கும் ஐறீன் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறா. புதுத் திட்டம் வருகிறது, மாதாகோயில் மண்டபத்தில் கூட்டம், சேருக்குத்தானே இதெல்லாம் விளங்கும் என்று போன மாதம் என்னைக் கூட்டிப்போனா. சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் என் கோடு நீல நிறத்தில் இருந்தது. பழைய இரும்புக் குழாயை இந்த மாதம் முப்பதாம் திகதியோடு நிரந்தரமாக மூடி, அறுபத்திரண்டு வீடுகளையும் ‘1989ஆம் ஆண்டுக் குழாயில்’ இணைப்பார்களாம். குழாய் ஏற்கெனவே இருப்பதாகப் படம் சொல்வதால் அந்த ஒழுங்கைக்குப் புதிதாகக் குழாய் தாட்க ஒரு சதமும் ஒதுக்கவில்லை. மூடிய பிறகு இல்லையென்று கண்டால் அடுத்த கடன் வரும்வரை அந்தச் சனம் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கு வாளியோடு நிற்க வேண்டியதுதான். கூட்டம் கலைந்த பிறகு திட்டப் பொறியியலாளர் சாமினியிடம் போனேன், திருகோணமலைப் பிள்ளை, மரியாதையானவ. அங்கே குழாய் இல்லை, கீறியவன் நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவ தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினா. 1996இல் அந்தக் குழாயில் கசிவு திருத்தியதாக ஒரு பதிவு, 2008இல் இன்னொன்று. “இல்லாத பைப் ரெண்டு தரம் ஒழுகுமா சேர்?” என்று சிரித்தா. வேலை செய்யாமலே செய்ததாக எழுதியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன், நான் செய்ததும் அதுதானே. ஆனாலும் மனம் கேட்காமல், 1996இல் கையெழுத்திட்ட மூவரில் உயிரோடு இருப்பவரை முகத்துவாரத்தில் அவர் வீட்டில் தேடிப் பிடித்தேன். அவர் முதலில் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிறகு, “கிடங்குக்குள்ள இறங்கினது நினைவிருக்கு ஐயா. அந்தத் தண்ணி கையைக் கடிச்சுது, அவ்வளவு குளிர். அதுக்குப் பிறகு நான் அந்த லேனுக்குள்ள போறதில்ல” என்றார். ஏன் என்று கேட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார்.

நாலாவது. போன ஞாயிறு காலை என் பழைய கசிவு கேட்கும் தடியை எடுத்துக்கொண்டு போனேன். நிலத்தில் ஊன்றி மற்ற முனையைக் காதில் வைத்தால் கீழே தண்ணீர் ஓடுவது கேட்கும். எல்லோரும் பூசைக்குப் போய்விடுவதால் அந்த ஒரு மணித்தியாலம் ஒழுங்கை வெறுமையாக இருக்கும். இரும்புக் குழாயின் பக்கத்தில் வழக்கமான இரைச்சல். மற்றப் பக்கத்தில், என் கோடு இருக்கும் பக்கத்தில், முதலில் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. ஒரே சீரான ஓட்டம். வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஓட்டம் கூடும், குறையும், இது அப்படியல்ல, யாருமே திறக்காத குழாயில் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் ஓட்டம். நான் நடந்தேன், சத்தமும் கோட்டோடே வந்தது, படத்தில் நான் வளைத்த இடத்தில் அதுவும் வளைந்தது. பூசை முடிந்து வந்த ஐறீன், “என்ன சேர், ரோட்டுக்குக் காய்ச்சலா, குழல் வச்சுப் பாக்குறீங்க?” என்று கேட்டா. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரை கொண்டுவந்து போட்டா. என் காது பழுதாக இருக்கலாம், எழுபது தாண்டிய காதை நானே நம்புவதில்லை. அதனால் சாமினியைக் கெஞ்சி ஒரு சோதனைக் குழி கேட்டிருக்கிறேன். நாளை மறுநாள் வெட்டுகிறார்கள். குழி வெறுமையாக இருந்தால் அறுபத்திரண்டு வீடும் தப்பும், என் பெயர் கெடும். அது பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை, மாலை.

தாளைக் கிழித்துப் புதிதாக எழுத மனமில்லை, இதிலேயே தொடர்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வெட்டத் தொடங்கினார்கள், இரண்டு சிங்கள ஆட்கள், கரையில் சாமினியும் ஐறீனும் நானும். இடுப்பளவு போனதும் மண்ணைக் குத்திய அலவாங்கின் முனை இரும்பில் பட்டது. கீழே நின்றவர் நிமிர்ந்து “இந்தா இருக்கு மாத்தயா” என்றார், அவருக்குச் சந்தோஷம். ஆறு அங்குலக் குழாய். துருவில்லை. வார்ப்பிரும்புக் குழாய் என்றால் அதைச் செய்த கொம்பனியின் பெயரும் வருடமும் புடைத்து நிற்க வேண்டும், இதில் ஒன்றுமில்லை, கழுவிய கோப்பை போல வழவழப்பு. சுற்றிலும் இருந்த மண் ஒருக்காலும் வெட்டப்படாத மண், படை படையாக அப்படியே இருந்தது. ஒழுங்கையின் இரு முனையிலும் தண்ணீரை அடைத்துப் பார்த்தார்கள், இரும்புக் குழாய் ஓய்ந்தது, இது ஓயவில்லை. சாமினி மதிலிலிருந்து நாடாவைப் பிடித்து, “எண்பத்தேழு சென்ரிமீற்றர். நீங்க போட்டது சரி சேர்” என்றா. மகள், அந்த எண்பத்தேழு எங்கே இருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தொண்ணூறு, நூறு என்று போட்டால் சந்தேகம் வரும் என்று, படம் கீறிய அன்று காலை கதவோடு நிறுத்தி அளந்த உன் உயரத்தைப் போட்டேன்.

சாமினி ஒரு படிவத்தை நீட்டினா. உள்ள குழாய் சரிபார்க்கப்பட்டது, முதலில் வரைந்தவர் உறுதிப்படுத்துகிறார் என்று இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் முப்பதாம் திகதி பழையதை மூடலாம். இந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல் வைக்க மாட்டேன் என்றேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. “போன மாதம் இல்லையெண்டு நிண்டனீங்கள். இப்ப இருக்கு. இருந்தும் வேண்டாமெண்டா நான் என்னத்தை எழுதுறது?” என்று கேட்டா. பழையதை மூட வேண்டாமென்று எழுதும் பிள்ளை, நான் சொன்னதாகவே எழுதும், 1989இல் அளக்காமல் கையெழுத்து வைத்தவன் சொல்கிறான் என்றும் சேர்த்து எழுதும் என்றேன். அவ குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தா. பிறகு எழுதினா. ஊற்று எதுவென்று கண்டுபிடிக்கும்வரை இரும்புக் குழாய் மூடப்படாது. ஐறீன் என் கையைப் பிடித்து, “சேர், அது இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எங்களுக்குப் பழைய தண்ணியே போதும்” என்றா.

ஐந்தாவது, வங்கிக் கணக்கில் உன் பெயரைச் சேர்க்கப் பாஸ்போட் பிரதி வேண்டும், மறவாமல் இந்தக் கிழமையே அனுப்பு. மருமகனை வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உங்களோடு.

கடைசியாக ஒன்று. இரண்டாவது இலக்கத்தில் நான் எழுதியது பிழை. அதை அழிக்கவில்லை, எங்கள் தொழிலில் பிழையை அழிப்பதில்லை, சுற்றிக் கோடு போட்டுத் திகதி இடுவோம், அப்படியே செய்திருக்கிறேன். அங்கே குழாய் இருக்கிறது. அதை யார் தாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்புள்ள அப்பா,
க. சவுந்தரநாயகம்