அதே டேப், அதே கை

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை, முடியவில்லை.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் சேதி தெரியாத யாராவது வாசலில் கல்லைக் கொண்டுவந்து வைத்து, இது என்ன கல் என்று அம்மாவிடம் கேட்கச் சொல்கிறார்கள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவளுடைய பச்சை நோட்டு கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் பாறையில் விரிசல் இருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, மாதம் தவறாமல் இடைவெளியை அளந்து எழுதியிருக்கிறாள். இருபது வருஷம். தொடக்கத்தில் 45.2 சென்டிமீட்டர், கடைசியில் 46.0.

நான் அளக்கலாம் என்று பார்த்தால் டேப் இல்லை. ஞாபகத்துக்கு என்று நீ எடுத்துப் போனது அதுதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தச்சரிடம் ஒன்று இரவல் வாங்கி அளந்தேன். 46.2.

சமையலறைக் கதவு ஒரு வாரமாகச் சாத்திக்கொள்ள மாட்டேன் என்கிறது. பின்னறையில் பிள்ளைகள் படுக்கிறார்கள். ராத்திரி எழுந்து எழுந்து அவர்களைப் பார்க்கிறேன். கீழே போய்விடலாமா என்று கேட்டால், "உன் தம்பி இன்ஜினியர், அவன் சொன்னா போகலாம்" என்கிறார் உன் அத்தான். யோசித்து எழுது.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

டேப்பைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். அம்மாவின் கைச்சூடு அதில் இன்னும் இருப்பதாக ஒரு நினைப்பு. மன்னித்துவிடு.

உன் பயத்துக்கு வருகிறேன். பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள் நீ. இரண்டு மில்லிமீட்டர், அக்கா! அம்மாவின் சட்டம் மறந்துவிட்டதா? "அதே டேப், அதே கை." இரண்டும் மாறினால் இவ்வளவு பிழை வரத்தான் செய்யும். கதவு மழைக்கு ஊதியிருக்கும்.

பாறை ஆராய்ச்சிதானே அம்மாவுக்கு வேலை, பாறையை நக்கிப் பார்த்தே பேர் சொல்லுவாள். மரவேரை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பாள். என் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சேறு அப்பிய பூட்ஸோடு கடைசி ஆளாக வந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுவாள். மலையை அவ்வளவு அறிந்தவள் ஆபத்தான இடத்திலா நம்மை வளர்த்திருப்பாள்?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் உயரக் கணக்கு இருக்கும், பார். பத்து வயதில் நான் உன்னைத் தாண்டியது அதில் இருக்கிறது, அன்றோடு நீ என்னைக் "குள்ளா" என்று கூப்பிடுவதை நிறுத்தினாய். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதே. அம்மா இரண்டாம் முறை போனதுபோல ஆகிவிடும்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் இரண்டு தடவை உரக்கப் படித்தார். அதனால் இங்கேயே இருக்கிறோம்.

நேற்று 46.5. அதே தச்சர் டேப், அதே என் கை. இதற்கு என்ன சொல்லப்போகிறாய்? சுவருக்குள் யாரோ விரலைச் சொடுக்குவதுபோலக் கேட்கிறது. பிள்ளைகளை முன்னறைக்கு மாற்றிவிட்டேன்.

உனக்குக் கணக்கைச் சொல்லித்தந்த அம்மா எனக்குப் பின்பக்கத்து ஊற்றைக் காட்டினாள். எட்டு வயதில் என்னை அள்ளிக் குடிக்கவைத்து, "மழை பெஞ்சா இது கலங்கும், கெடக்கட்டும். மழையே இல்லாம கலங்கினா யாரையும் கேக்காதே, கெளம்பிடு" என்றாள். தினமும் போய்ப் பார்க்கிறேன். தினமும் மழை, தினமும் கலங்கல். எது மழையால், எது மலையால் என்று நான் எதைக் கண்டேன்?

டேப்பை அனுப்பு.

அக்கா

ஜூலை 9

அக்கா,

தந்தி கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இது வந்து சேரும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

பார்சல் கட்ட டேப்பை எடுத்தேன். மகள் பிடுங்கித் தன் உயரத்தை அளந்தாள். "அப்பா, இதுல ஒண்ணும் ரெண்டும் காணோமே?" என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உடைத்தது நான்தான். பத்து வயதில், பாறையில் மின்னிய பளிங்குக் கல்லை டேப் நுனியால் நெம்பினேன், முறிந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. மூன்றாம் கோட்டில் நேராக வெட்டிவிட்டு, "அக்காகிட்ட சொல்லாதே, கிண்டல் பண்ணியே கொன்னுடுவா. எனக்கு வித்தியாசம்தானே வேணும், எங்கேருந்து ஆரம்பிச்சா என்ன" என்றாள். அவள் ஆணி அடித்தது அதற்கு அடுத்த வருஷம். நான் அடியோடு மறந்துபோனேன்.

அம்மா எழுதிய 46 உண்மையில் 43. இருபது வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட நகராத பாறை, அவள் போனபிறகு மூன்றரை நகர்ந்திருக்கிறது. இரண்டு மில்லி என்று உன்னைக் கேலி செய்தேனே, பாவி. எதையும் எடுக்காதே, கிளம்பு. ஒரே ஒரு வரி எழுது, போதும்.

தம்பி

ஜூலை 14
பள்ளிக்கூடம்

குள்ளா,

நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் மூச்சு விடு.

உன் தந்தி பதினொன்றாம் தேதி வந்தது. அதை வாங்க வீடு இல்லை. தபால்காரர் பள்ளிக்கூடம் வரை தேடிவந்து கொடுத்தார்.

எட்டாம் தேதியிலிருந்து மழை விட்டிருந்தது. பத்தாம் தேதி காலை, நல்ல வெயில், ஊற்றில் குடத்தை வைத்தேன். சேறாக வந்தது. உன் கடிதம் வரட்டும் என்றார் உன் அத்தான். "அம்மா சொல்லிட்டாங்க" என்றேன். பிள்ளைகளையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவரும் பின்னால் வந்தார். மத்தியானம் சத்தம் கேட்டது. வீடு இருந்த இடத்தில் இப்போது மரங்கள் வேரோடு கிடக்கின்றன. அம்மா இருந்தால் மரங்களுக்குத்தான் முதலில் அழுதிருப்பாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பிள்ளைகள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. நேற்று உன் கடிதமும் வந்தது, படித்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். என்னை அளந்தது டேப் முறியும் முன், உன்னை அளந்தது முறிந்தபின்; நீ என்னைத் தாண்டியது ஒரு சென்டிமீட்டர். மூன்றைக் கழித்தால் நீ தாண்டவே இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். உனக்காகத் தெரிந்தே கழிக்காமல் எழுதியிருக்கிறாள். பேனாவை எடுத்தேன், திருத்த மனசு வரவில்லை.

இந்தப் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒரு விரிசல் இருக்கிறது. இரண்டு ஆணி அடித்திருக்கிறேன். தச்சர் டேப் வீட்டோடு போய்விட்டது. அம்மாவின் டேப்பைப் பார்சலில் அனுப்பாதே, எடுத்துக்கொண்டு நீயே வா. தனியாக அளக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா