வாசலோடு திருப்பி அனுப்பியவர்

தென்காசி
9-8-1987

அன்புள்ள நாதனுக்குச் சித்தி எழுதுவது. உலகம்மன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம், சாரல் விடாததால் அப்பாவுக்கு இருமல் மட்டும் கொஞ்சம் கூடுதல், கஷாயத்தைக் கண்டால் உன்னைப்போலவே முகம் சுளிக்கிறார். அங்கே பம்பாயில் மழை எப்படி, துணி காய்கிறதா, ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, எழுது.

இதையெல்லாம் கேட்டு நேரம் கடத்துகிறேன், சொல்ல வந்தது வேறு. போன ஞாயிறு துல்கர்னைன் என்பவர் நம் வீட்டுக்கு வந்தார். கடையநல்லூர்க்காரர், பம்பாயில் வியாபாரம், சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வந்திருக்கிறார். அவர் மகனுடைய பழைய கம்ப்யூட்டரை, டிவியில் மாட்டி விளையாடுவார்களாமே அதை, நீ சரிசெய்து கொடுத்தாயாம். கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம். வாசலில் நின்றபடியே, ஒங்க பையன் கைராசிக்காரர்ம்மா, மூணு கடையில குப்பையில போடச் சொன்னத ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டாரு என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். உள்ளே அடுத்த வீட்டு வடிவம்மாள் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடமும் தெருவிலும் நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று நான் சொல்லிவைத்திருப்பது உனக்குத் தெரியாது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது, மாற்றாந்தாய் கையில் பிள்ளை உருப்படுமா என்று அன்றைக்கே கேட்டவள் அவள். ரிப்பேர் கடையில் வேலை என்று நீ எழுதியதும் அவள் வாய்க்குப் பயந்து பொய் சொன்னேன். உனக்காக என்று நினைத்துக்கொண்டேன், இல்லை, என் பேருக்காக. அக்கா கீரையை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். நான் அந்த மனுஷரிடம், வீடு மாறி வந்துட்டீங்க, எங்க பையன் இன்ஜினியர் என்றேன். அவர் கையிலிருந்த, நீ எழுதிக்கொடுத்த விலாசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையோடு சாரலில் இறங்கிப் போனார். கதைப் புத்தகத்தில் வருகிற முன்பின் தெரியாதவர்களுக்காக அழுகிறவள் நான். நனைந்து நின்றவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிக் குற்றாலம் போய் லாட்ஜ் லாட்ஜாகக் கேட்டு அவரைக் கண்டுபிடித்தேன். தலை நிமிராமல் உண்மையைச் சொன்னேன். மொதல்ல டீ குடிங்கம்மா என்று வரவழைத்துக் கொடுத்தார். நேத்து நான் முழுசும் சொல்லல, கம்ப்யூட்டருக்குள்ள வரிசையா இருக்குத ஐசி சில்லு மேல ஒங்க பையன் ஒவ்வொண்ணா வெரல வச்சுப் பாத்தாரு, கெட்டது கூடுதலா சுடுமாம், இது யாருட்ட படிச்சதுன்னு கேட்டேன், காய்ச்சலான்னு எங்க சித்தி இப்படித்தான் நெத்தியில கை வச்சுப் பாப்பாங்கன்னாரு, அந்தச் சித்தியப் பாக்கத்தாம்மா வந்தேன் என்றார். அவர் மனைவி மங்குஸ்தான் பையை என் மடியில் வைத்தார்.

வந்ததும் நேரே வடிவம்மாள் அக்காவிடம் போய், எங்க பையன் ரிப்பேர்தான் பாக்கான், நாந்தான் பொய் சொன்னேன் என்றேன். அப்ப ஸ்குரு முறுக்குத பயலா ஏட்டி, இன்ஜினியருன்னு என்ன பவுசு காட்டுன என்று சிரித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு நீ வந்தால் உன் காதுபடவும் பேசுவார்கள், அது நான் தேடிவைத்தது. அதற்காக வராமல் இருந்துவிடாதே, நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து தெரு வழியாக உன்னோடு நடந்து வருவேன். கோபமென்றால் ஏசி எழுது, எழுதாமல் மட்டும் இராதே.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். மறக்காதே, அந்தச் சில்லு சுடுகிறதா என்று பார்க்கும்போது நுனிவிரலால் தொட்டதும் எடுத்துவிடு. நெற்றி அவ்வளவு சுடாது.

உன் சித்தி
விஜயம்