தாளின் பின்பக்கம்

அல்சூர், பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள டேரில்,

ஃபோனை எடுத்தால் நமக்குச் சண்டைதான் வருகிறது, அதனால்தான் காகிதம். என் அம்மாவுக்கு முட்டிவலி. நீ சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை பிரெட்டிலேயே காலம் தள்ளுகிறாயா?

நம் ஆராய்ச்சிக் கட்டுரையில் தப்பு இருக்கிறது, ராஜா. ஒரே டென்சர் படத்தை இரண்டு வீடுகளாகப் பக்கத்தில் வைத்தோம். வீட்டுக்குக் கறுப்புப் புள்ளி இரண்டு, வெள்ளை இரண்டு; ஆக நாலு கறுப்பு, நாலு வெள்ளை. கறுப்புக்கு வெள்ளைதான் ஜோடி; மொத்தம் இருபத்துநாலு விதம். ஜோடிக்கோடு போட்டதும் உருவாகும் மூடிய வளையம் ஒவ்வொன்றுக்கும் டென்சரின் அளவான N-ஐ ஒரு தடவை பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் சராசரி. அதில் தன் வீட்டுக்குள்ளேயே ஜோடி சேரும் நாலும் இரண்டு வீட்டையும் இணைக்காது, அவற்றைக் கழித்துவிட வேண்டும். மீதி இருபது. நாம் அச்சிட்டதோ பதினாறு! எல்லாப் புள்ளியும் அடுத்த வீட்டில் ஜோடி சேரும் நாலைக் காணோம். இடம் போதாமல் அவற்றைத் தாளின் பின்பக்கம் வரைந்து அனுப்பியிருந்தேன். திருப்பிப் பார்த்தாயா?

உன் மனைவி,
ஐரின்

லியோன், பிரான்ஸ்
27 ஜூன் 2024

என் ஐரின் கண்ணுக்கு,

சத்தியமாகத் திருப்பவில்லை. உன் கடிதம் படித்த பிறகுதான் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆனால் மிக அதிக வளையமுள்ள படங்களைவிட அந்த நாலிலும் ஒன்றாவது குறைவுதானே? N பெரிதாகப் பெரிதாக மற்றவற்றுக்கு முன்னால் அவை ஒன்றுமில்லாமல் போய்விடும். யார் கவனிக்கப்போகிறார்கள்? அக்டோபரில் என் வேலையை நீட்டிப்பார்களா என்று தெரியும். அதுவரை வாயைத் திறக்காதே, ப்ளீஸ். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், இருவருமாகத் திருத்துவோம்.

உன் டேரில்

அல்சூர்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள டேரில்,

தெருக்கோடி டோரீன் அக்காவின் மகள் கேரல் வந்திருந்தாள். நம் விடையை நம்பித்தான் பிஎச்.டி. செய்கிறாள். N-க்கு ஐந்து, ஆறு என்று சின்ன எண் போட்டு கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஒத்துவரவில்லையாம்; சின்ன எண்ணில் நாம் விட்ட நாலு மறையாதே. "ஆன்ட்டி, எங்க தப்பு பண்றேன்னே தெரியல. ப்ரோகிராமே எழுத வராதான்னு கைடு சார் எல்லார் முன்னாடியும் திட்டுறாரு" என்று அழுதாள். நான் காபி ஆற்றிக் கொடுத்து, "இன்னொரு வாட்டி பாரும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. திருத்தம் அனுப்பலாம் என்று ஒரு வார்த்தை எழுது.

ஐரின்

லியோன்
20 அக்டோபர் 2024

கண்ணு,

கிடைத்துவிட்டது! மூன்று வருடம்! ஆனால் இப்போதே திருத்தம் போட்டால் தெரிந்தே மறைத்தேன் என்பார்கள். ஒரு வருடம் போகட்டும். கிறிஸ்துமஸுக்கு லீவு கஷ்டம். கேரல் சின்னப் பெண், சமாளித்துக்கொள்வாள்.

டேரில்

அல்சூர்
1 டிசம்பர் 2024

டேரில்,

கேரல் படிப்பை விட்டுவிட்டாள். தொம்மலூரில் ஏதோ ஆபீஸில் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அன்னிக்கு நான் வந்தப்பவே தெரியுமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். ஜூனிலேயே எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். உனக்கு எப்போது தெரியும் என்பதை நீயே எழுதிக்கொள்.

மீதி பின்பக்கம்.

ஐரின்

*

கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வராதே. உன் மேல் உயிரையே வைத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன், என்ன செய்ய. ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் கேரல் கேட்ட கேள்விதான் என் காதில் விழும். அம்மா உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தடவை திருப்பிப் பார்த்தாய் அல்லவா?