தட்டையாப்போன கேப்பு

பெப். 9, திங்கள்

காலையில தூறல். வெயில் வரல்ல. உடுப்பு காயாது. நெல்லு அறுக்க இன்னும் ஒரு கிழமை.

இவர்ட களிசான் பொக்கற்றுக்குள்ள ரெண்டு வெறுந்தோட்டா. வயல்ல யானை கலைக்க வானத்துக்கு வெடி வைச்சது. ஒண்டு கடைத்தோட்டா. மற்றது என்ட தம்பி ரவி வீட்டில வெடிமருந்தடைச்சுக் குடுத்தது. போன் வெளிச்சத்தில பாத்தன். கடைத்தோட்டாட அடியில துவக்கு ஊசி குத்துற சின்ன மூடி, கேப்பு, ஓரம் உருண்டை. தம்பிட கேப்பு தட்டை, இஸ்திரி போட்ட மாதிரி. ஊசி குத்தின இடத்தைச் சுத்தி சின்ன வரம்பு. கரியும்.

"இது ஏன் இப்பிடி?"

"வெடிச்சா அப்பிடித்தான்."

"அப்ப மற்றது வெடிக்கல்லயா?"

இவர் சோத்தைப் பிசைஞ்சார்.

பெப். 10, செவ்வாய்

மீன்காரன் வரல்ல. பருப்பு.

விடாமக் கேட்டன். ஒண்டொண்டாத்தான் வாயத் திறந்தார். தம்பிட தோட்டா வைச்சா:

- துவக்கு மடிச்சுத் திறக்க இறுக்கம். முழங்கால்ல வைச்சு முறிக்கணுமாம்
- வெறுந்தோட்டா தானா வராது, குச்சியால குத்தணும்
- தோள்மூட்டு நோவு (மூண்டு நாளா எண்ணெய் பூசினது இதுக்குத்தானா!)

மறுகா வெறுந்துவக்குக்குள்ள அந்த வெறுந்தோட்டா ரெண்டையும் போட்டுப் பாத்தம். கடைத்தோட்டா டொக்கெண்டு இறங்கிற்று. தம்பிட தோட்டா பாதியில நிண்டுது. பித்தளை அடி வீங்கிக் கிடக்கு. இவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தார்.

பெப். 11, புதன்

மட்டக்களப்பு டவுன். நூல், பொத்தான், ஊசி. கூட்டாளி ஷர்மிளாட புருசன், பறங்கியாள், துவக்குத் திருத்துறவர். அவருக்கு அந்த ரெண்டையும் காட்டினன்.

"தங்கச்சி, ஒரு அடையாளம் எண்டா சந்தேகம். இது எல்லாம் சேந்து வந்திருக்கு. மருந்து கூடிப்போச்சு. இனி வைக்கவே படாது. கேப்பு கழண்டு முகத்துக்கு வரும், இல்லாட்டிக் குழல் வெடிச்சுக் கை போகும்."



தம்பிக்குப் போன்.

"நீ தையல் மெசினப் பாருக்கா."

"எவ்வளவு மருந்து போட்டாய்?"

"சத்தம் பெருசா வரட்டும் எண்டு கொஞ்சம் கூடத்தான். யானை ஓடணுமே."

"அத்தான்ட கை போயிருந்தா?"

போனை வைச்சிட்டான்.

பெப். 12, வியாழன்

தம்பி வந்தான். தேத்தண்ணி வேணாமாம். அவனும் பொக்கற்றில ரெண்டு வெறுந்தோட்டா கொண்டந்திருக்கான், அவன்ட துவக்கில வைச்சது. நாலையும் வரிசையா வைச்சம். வெளிச்சம் பிடிச்சுக் கனநேரம் பாத்தான்.

"என்டயும் இப்பிடித்தான் கிடக்குக்கா."

மிச்சத் தோட்டா எல்லாத்தையும் வாளித் தண்ணிக்குள்ள அவனே போட்டான். இவருக்கு முகம் விழுந்து போச்சு. கடைத்தோட்டாவும் இல்ல. வயல் வட்டைக்கு இனி யானை வெடிப் பட்டாசும் டோர்ச்சும் தகரமும்தான். தம்பியும் கூடப் போறானாம்.

பெப். 13, வெள்ளி

விடியப் பனி. ரெண்டு பேரும் சேறும் சகதியுமா வந்தாங்க. யானை வந்ததாம். வயல்ல வாவிப் பக்கத்து மூலை முழுக்க மிதிச்சிற்று. மிச்சம் தப்பிற்று.

"தோட்டா இருந்திருந்தா..." எண்டான் தம்பி. 

இவர் தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பொத்தி வாங்கினார். பத்து விரலும் அதுல.