நிற்கும்போது போடுகிற ஜாக்கெட்

நவம்பர் 16, 2025, ஞாயிறு

"சார், ஐஸ் கட்டியக் கம்பளியில சுத்துனா சூட்டுல சீக்கிரம் கரைஞ்சிரும்ல?" நான் அறிவியல் எடுத்த எட்டாம் வகுப்பில் சூரியபிரகாஷ் என்றொரு பையன் ஒருமுறை கேட்டான். வகுப்பே ஆமாம் என்றது. மறுநாள் இரண்டு ஐஸ் கட்டி வாங்கிப் போனேன். ஒன்று வெறும் தட்டில், இன்னொன்று கம்பளிக்குள். கம்பளிக்குள் இருந்ததுதான் கடைசிவரை கரையாமல் கிடந்தது. கம்பளிக்கென்று சூடு கிடையாது. உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்று அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் மகள் இவாஞ்சலின். டேராடூனிலிருந்து பேசினாள். பிப்ரவரியில் அவளும் மாப்பிள்ளையும் வழிகாட்டியோடு பனி மலையில் மூன்று நாள் நடக்கப் போகிறார்கள். "நீங்களும் அம்மாவும் வாங்கப்பா. பொங்கலுக்குள்ள சொன்னீங்கன்னா பேரு குடுத்துருவேன்."

என் மனைவி எஸ்தருக்குக் கண் விரிந்துவிட்டது. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே சொல்லுவாள், காலுக்கடியில் பனி நொறுங்குகிற சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று. ஆனால் தேனியின் மார்கழிக்கே இரண்டு போர்வை கேட்கிற உடம்பு அது.

"அங்கன போயி நான் வெறைச்சுப் போனா என்ன செய்வீக?" என்று சிரித்தாள். பாதிச் சிரிப்புதான்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 22, சனி

மகள் அனுப்பிய பார்சல் வந்தது. இரண்டு ஜாக்கெட். ஒரே நீலம், ஒரே அளவு. உள்ளே வாத்தின் பஞ்சுபோன்ற இறகை அடைத்து வரிவரியாகத் தைத்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் எடையே இல்லை.

எஸ்தர் அமுக்கிப் பார்த்தாள். "போடிநாயக்கனூரு இலவம்பஞ்சுத் தலையணைக்குக் கை தச்சுவிட்ட மாதிரில்ல இருக்கு!"

இதைவிட நல்ல உதாரணம் எனக்குக்கூடக் கிடைத்திருக்காது. வெயிலில் போட்டு எடுத்த தலையணை உப்பி நிற்கும். உப்பலுக்குள் காற்று அசையாமல் நிற்கும். அந்தக் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாது. நனைந்த தலையணை கட்டிதட்டிப் போகும், அதில் காற்றுக்கு இடமில்லை...

"மணி அடிச்சாச்சு சார். பிள்ளைகள வீட்டுக்கு விடுங்க," என்றாள்.

நவம்பர் 24

பீரோவில் சேலைகளுக்கு அடியில் இரண்டு ஜாக்கெட்டும் அப்பளமாக நசுங்கிக் கிடந்தன. எடுத்து உதறித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி உப்பிவிட்டன. பொறுமைசாலிகள்.

டிசம்பர் 6, சனி

மேகமலைக்கு ஒத்திகை போனோம். படுதோல்வி.

சின்னமனூரில் பஸ் ஏறும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டோம். பருத்தி உடுப்பு, ஸ்வெட்டர், ஜாக்கெட், மப்ளர், குல்லா. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்ன சார், காஷ்மீர் பார்டருக்கா? இந்தப் பஸ்ஸு அம்புட்டுத் தூரம் போகாதே," என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. எஸ்தரும் சிரித்தாள்.

மேலே போய்த் தேயிலைச் சரிவில் ஏறினோம். அரை மணியில் முதுகெல்லாம் வேர்வை. அப்புறம் ஏரி தெரிகிற வளைவில் ஒரு இருவாச்சி. எத்தனை வருஷம் ஆசைப்பட்ட பறவை! பைனாகுலரை எடுத்து நின்றுவிட்டேன். திரும்பினால் எஸ்தருக்குப் பல் தந்தியடிக்கிறது. உதடு வெளுத்திருக்கிறது. டீக்கடை அடுப்பருகே வெகுநேரம் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

இறங்கும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே கெடக்கேன்."

டிசம்பர் 8

காரணம் கண்டுபிடித்தேன். பருத்தி! வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக்கிடக்கும். நடக்கும்போது தெரியாது, நின்றதும் ஈரத்துணி சுற்றிய பானை மாதிரி உடம்பு குளிர்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம். மேலே அது வினை.

தேனியில் ராஜபாண்டியின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். உடம்பை ஒட்டி ஒரு பாலியஸ்டர் பனியன், அதன் மேல் ஃபிளீஸ் என்கிற பொசுபொசு ஸ்வெட்டர், காற்றுக்கும் தூறலுக்கும் மெல்லிய ரெயின்கோட். எல்லாம் சோடி சோடியாக.

"மேடத்துக்கும் ஜெர்சியா? எந்த டீமு சார்?" என்றார் ராஜபாண்டி.

"தோத்த டீமு," என்றாள் எஸ்தர்.

இன்னொரு தடவை வர ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை.

டிசம்பர் 20, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மேகமலையில் இந்தத் தடவை பனியனும் ஃபிளீஸும் மட்டும் போட்டு நடந்தோம். ஜாக்கெட் இரண்டையும் என் பையில் அடியில் வைத்தேன். அவளுக்குச் சுமை வேண்டாமே என்று. மேலே கேமரா, பைனாகுலர், சாப்பாடு. ஏற்றத்தில் எஸ்தர் சிரமமில்லாமல் வந்தாள். எனக்கு ஒரே பெருமை. தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற இடத்தில் பறவைச் சத்தம் கேட்டு நின்றேன். மூடுபனி இறங்கியது. நின்றுகொண்டே இருந்தேன்.

மறுபடி அதே நடுக்கம்.

நான் உடனே ஆரம்பித்தேன்: ஃபிளீஸ் ஓட்டைத் துணி, காற்று உள்ளே புகுந்து...

"போதும்ங்க!" கத்திவிட்டாள். சோலைக்குள் எதுவோ சடசடவென்று பறந்தது. "ஐஸு, பானை, தலையணை எல்லாம் சொன்னீக. எனக்கு எப்பக் குளிருதுன்னு ஒரு தடவ கேட்டீகளா?"

கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"நடக்கையில குளிரல. நீங்க பறவை பாக்கன்னு நிக்கிறீகல்ல, அப்பத்தான் குளிருது. ஜாக்கெட்டு உங்க பைக்கு அடியில. அத எடுங்கன்னு சொன்னா, 'ஸ்ஸ்... பறந்துரும்'னு சொல்லுறீக. நான் என்ன செய்ய?"

நின்றால் எனக்கு இதமாக இருக்கிறது, அவளுக்கு உயிர் போகிறது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம். ஒரே அளவில் ஒரே நிறத்தில் வாங்கி மாட்டிவிட்டால் இரண்டு உடம்பும் ஒன்றாகிவிடுமா?

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். இவாஞ்சலின் போனில் கேட்டாள். எஸ்தர், "அப்பாட்ட கேளு," என்று என்னிடம் நீட்டினாள். நான், "பொங்கல் வரைக்கும் டைம் இருக்குல்ல," என்றேன்.

டிசம்பர் 30

ராஜபாண்டி கடை. நான் வாய் திறக்கவில்லை. எஸ்தரே தேர்ந்தெடுத்தாள். பாலியஸ்டர் பஞ்சு அடைத்த ஜாக்கெட், அவள் அளவைவிட இரண்டு பெரியது. இறகு மாதிரி இல்லை, கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. மேகமலை மூடுபனிக்கு அதுதான் சரி.

"மேடம், தொளதொளன்னு இருக்கே. உங்க அளவுலயே காட்டுறேன்."

"நான் இத உடுத்த வாங்கலப்பா. ஃபிளீஸு, ரெயின்கோட்டு எல்லாத்துக்கும் மேல டபக்குன்னு போடணும். எதையும் கழட்டக் கூடாது. உள்ள பஞ்சு நசுங்கவும் கூடாது."

அவளுக்கென்று தனிப் பையும் வாங்கினோம். ஜாக்கெட்டை மடிக்காமல் சுருட்டி எல்லாவற்றுக்கும் மேலே திணித்துக் காட்டினாள். "இது என் பை. இதுக்குள்ள உங்க பைனாகுலரு வந்துச்சு, அம்புட்டுத்தான்!"

ஜனவரி 10, 2026, சனி

மறுபடி மேகமலை, இந்த முறை அவள் சொல்லி. நான் நின்றேன். பைனாகுலர் கண்ணுக்குப் போகுமுன் சர்ரென்று ஜிப் சத்தம். எஸ்தர் அந்தப் பெரிய ஜாக்கெட்டுக்குள் போய்விட்டாள். நடந்து வந்த சூடு ஆறுவதற்குள் மூடிவிட வேண்டும் என்பது இப்போது அவள் கணக்கு.

வெகுநேரம் ஆயிற்று. "போலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"எனக்கென்ன அவசரம்? நல்லாப் பாருங்க."

கிளம்பும்போது கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்தாள். முதல் பத்தடி கொஞ்சம் குளிரத்தான் செய்கிறதாம், அப்புறம் நடையே சூடு கொடுத்துவிடுகிறதாம். நான் சோம்பலில் என் ஜாக்கெட்டோடே ஏறினேன். திட்டு விழுந்தது: "வேர்க்குதுல்ல, கழட்டுங்க! நாளைக்கு நீங்க நடுங்குனா நான் தூக்கிட்டு வரவா?"

நாளைக்கு என்றாள். எந்த நாளைக்கு?

ஜனவரி 15

பொங்கல் பானை பொங்கி அடங்குமுன் எஸ்தரே மகளுக்குப் போன் போட்டாள். "ரெண்டு பேரு எழுதிக்க. உங்கப்பா எப்பயும் போல நின்னு நின்னுதான் வருவாக, வழிகாட்டிகிட்ட இப்பவே சொல்லி வச்சிரு."

பிப்ரவரி 12, வியாழன்

பேனா எழுத மறுக்கிறது. பென்சிலால் எழுதுகிறேன். கூடாரத்துக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைக்கிறது.

இன்று முகட்டுக்கு ஏறினோம். எஸ்தர் மகளோடு முன்னால் போய்விட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்தத் தொளதொள ஜாக்கெட்டுக்குள் நின்று எதிர் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது ஒரு காலைத் தூக்கி மெதுவாக வைக்கிறாள். பனி நொறுங்குகிற அந்தச் சத்தத்துக்காக.

மற்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். இவாஞ்சலின் கூப்பிட்டாள். எஸ்தர் அசையவில்லை. நான் என் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தேன்.

குளிரில் நடக்கப் போகிறவர் யாராவது என்றைக்காவது இதைப் படித்தால், ஒன்று செய்து பாருங்கள்: கிளம்பும்போது ஜாக்கெட்டைக் கழற்றி உங்கள் சொந்தப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், நின்றதும் முதல் வேலையாக அதை எடுத்துப் போடுங்கள்.