பிரிக்காமல் திருப்பிய உறைகள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று எழுத வந்தேன். இனி எந்த மாடி என்று கை நின்றுவிட்டது.

வக்கீல் நேற்றுப் போனில் பேசினார். தீர்ப்பு வந்துவிட்டது. என்னைப் போன்ற தூதரக அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு, அவர் சொந்தப் பெயரில் வாங்கிய வீட்டுக்குக் கிடையாதாம். அடமானத்தில் இருக்கும் அந்த வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடலாமாம். மாதக் கடைசிக்குள் நீயும் மாப்பிள்ளையும் காலி செய்ய வேண்டும். அது அலுவலக வீடுதான் என்று ஒரு சான்று தரச் சொல்லி, அங்கே இருக்கும் நம் தூதரிடம் போனில் கெஞ்சினேன். "உங்க தங்கச்சி தையல் மெஷின் போட்டிருக்கிற வீடு எப்படிங்க ஆபீஸ் வீடாகும்?" என்று கேட்டார். 

அங்கே எங்கள் தூதரகத்தில் ஒரு வழக்கம். உள்ளூர்க் கோர்ட்டு உறையைப் பிரிக்கவே மாட்டோம். முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவோம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தவன் நான். அப்பா உனக்கு விட்டுப்போன பணத்தையும் வாங்கிப் போட்டு அந்த வீட்டை வாங்கினேன். பிறகு வங்கிக் கடன் தவணையை நிறுத்தினேன். என்னை யார் என்ன செய்துவிட முடியும் என்ற திமிர், வேறு காரணம் இல்லை. மாற்றலாகி இங்கே வரும்போது ரப்பர் முத்திரையையும் உன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "அண்ணே, இந்தக் கவர் தடிமனா இருக்கு, ஒரு தடவ பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று நீ கேட்டாய். தைக்கிற வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அந்த உறையில்தான் மூன்று மாத அவகாசம் இருந்ததாம். பாக்கியைக் கட்டியிருந்தால் வீடு தப்பியிருக்கும். கட்ட அப்போது என்னிடம் பணமும் இருந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். போன வாரம் மாப்பிள்ளை போனில் கேட்டபோது, எனக்கு எதுவும் தெரியாது, தங்கச்சிதான் என்னைக் கேட்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. அன்றிலிருந்து அவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அண்ணி சொன்னாள். நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதைக் கேட்டபிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கண்ணு, சாமான் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே. எனக்காகப் பாதியை விழுங்கிவிடுவாய். அவரே முழுக்கப் படிக்கட்டும். எந்த வீட்டில் இருந்தாலும் நீங்கள் இருவரும் பேசிச் சிரித்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்