மூன்று பேருக்குச் சமைத்த இரண்டு நாள்

மே 5, திங்கள்

கம்பெனி யூனிட்டில் கரண்ட் இல்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். திருமழிசையிலிருந்து பஸ் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கும்போது மகள் பிரியாவின் போன். "பிளஸ் டூ முடிஞ்சதுக்கு எனக்கு ஒண்ணும் வாங்கித் தர வேணாம்பா. நீ, நான், அம்மா, மூணு பேரும் ரெண்டு நாள் ஏலகிரி போலாம்."

அம்மா ஒத்துக்கொண்டாளா என்று கேட்டேன். "ஒத்துக்கினாங்க" என்றாள்.

கனிமொழி மகளோடு முத்தாபுதுப்பேட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வருடம். இப்போது எதற்கு ஒத்துக்கொண்டாள்?

மே 7

திரும்பி வரச் சொல்லிக் கேட்கலாமா?

மே 9, வெள்ளி

மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு, புளி எல்லாம் பொட்டலம் கட்டினேன். தங்கும் வீட்டில் அடுப்பு, பாத்திரம் உண்டாம். நானே சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. ஐம்பது வயசுல இது தேவையா செங்கல்வராயா?

மே 10, சனி

ஆவடி பிளாட்பாரத்தில் "வந்துட்டீங்களா" என்றாள் கனிமொழி. ஜோலார்பேட்டை வரை எங்களுக்குள் வேறு பேச்சில்லை. பிரியா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே வந்தாள்.

மலைமேல் நாட்டுக்கோழி கிடைத்தது. நான் அடுப்பைப் பற்ற வைத்ததும் கனிமொழி பழக்கத்தில் வெங்காயத்தை எடுத்துவிட்டாள். "நீ உக்காரு" என்றேன். வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கையை என்ன செய்வதென்று தெரியாதவள்போல மடியில் வைத்துக்கொண்டாள்.

குழம்பு, ரசம், சோறு. இரண்டாம் முறை அவளே போட்டுக்கொண்டாள்.

"நல்லா கீது. எப்ப கத்துகினீங்க?"

"நீ போனப்புறம்தான்."

பிரியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினெட்டு வருஷம் அவள் சமைத்தாள். உப்பு ஜாஸ்தி, புளி கம்மி — அது மட்டும்தான் சொன்னேன். ஒருநாள் தட்டையே தள்ளிவிட்டேன். தரையில் கிடந்த சோற்றைச் சின்னப் பிள்ளை பிரியா பொறுக்கிப் போட்டாள். ஒருநாளாச்சும் நல்லா கீதுன்னு சொன்னேனா? சொல்லல. சொன்னா இன்னா குறைஞ்சிருக்கும் எனக்கு?

மே 11, ஞாயிறு

பிரியா எழுந்திருக்கவில்லை. காபி கொடுத்துவிட்டு, "கனி, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்றாள். "பிரியாவுக்குக் கோயம்புத்தூர்ல காலேஜ் சீட் கெடைச்சிடுச்சு. எனக்கும் அங்கயே ஒரு லேப்ல வேலை. ரெண்டு பேரும் போறோம். போன்ல சொல்ல மனசு வரல. அதான் வந்தேன்."

"நானும் அங்க வந்தா?"

"வேணாங்க. கோவம் இல்ல. உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் பயந்துகினே போட்டேன். இப்பதான் பயமில்லாம இருக்கேன். இப்படியே இருந்துடறேன்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மதியம் தக்காளி சாதம், முட்டை. பிரியா எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மூவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். சிரித்தேன்.

மே 12

ஞாபகம் இல்லாமல் மூன்று பேருக்கு அரிசி களைந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

சென்ட்ரலில் இருவரையும் கோயம்புத்தூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டிகளை மேலே வைத்துக் கீழே இறங்கி, ஜன்னல் பக்கம் நின்றேன். ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது.

"நீ ஆக்கினது எல்லாம் நல்லாதான் இருந்துச்சு கனி. நான்தான் சொல்லல."

 முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள்.

பிரியா ரொம்ப தூரம் கையாட்டினாள்.

ஜூன் 15

யாரோடும் பேசவில்லை.

ஜூலை 2, புதன்

பக்கத்து மிஷினுக்குப் புதிதாக வந்திருக்கும் முனியன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்: "அண்ணாத்தே, ஊட்ல அண்ணி நல்லா கீறாங்களா?"

மற்றவர்களிடம் இத்தனை நாள், "அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்றுதான் சொல்லிவந்தேன். இன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவங்க கோயம்புத்தூர்ல கீறாங்க. இனிமே வரமாட்டாங்க. ஊட்ல நான் மட்டும்தான்."

முனியன் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.